டோனர் ரிப்போர்ட் ஏன் திரும்பி வருகிறது? எல்லையோரக் குழந்தை நல அமைப்புகளுக்கு, அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ரிப்போர்ட் அனுப்பிய நாலாம் நாள் டோனர் (நம் வேலைக்கு நிதி தரும் அமைப்பு) ஆபீஸிலிருந்து மெயில் வரும்: "சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன." கீழே ஒரு டஜன் கேள்விகள் இருக்கும். கணக்கரும் ஃபீல்டு ஆளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வழக்கமாக ரிப்போர்ட் எழுதியவரைத்தான் முதலில் பிடிப்போம். அங்கே தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ரிப்போர்ட்டில் வெளியே தெரிகிற கோளாறு, பணம் வருவதற்கு முன்பே ப்ரபோசலில் (பணம் கேட்டு எழுதும் திட்ட வரைவில்) நுழைந்ததாக இருக்கும். இல்லாவிட்டால் ஜூன் மாதம் ரெஜிஸ்டர் திறந்த விதத்தில் வந்ததாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் பின்னோக்கிப் போய் மூலத்தைத் தேடியிருக்கிறேன்.

மனதில் வைத்து எழுதுவது சித்தூர் தாலுகாவையும் பொள்ளாச்சிப் பக்கத்தையும்: கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, முதலமடை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், டோனருக்கு இங்கிலீஷ் என்று ஓடுகிற ஊர்கள். (இது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை. வெளியூர் டோனருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ப்ரபோசலில் ஒவ்வொரு தடவையும் மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.)

அறிகுறி: "கேரளத்தில் இதற்குத் தேவை இருக்கிறதா?" என்று ப்ரபோசல் முதல் சுற்றிலேயே திரும்புகிறது

மும்பையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருக்கும் ப்ரோகிராம் ஆபீசர் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில் கேரளத்தின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 6, இந்தியாவுக்கு 28. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தின் எழுத்தறிவு 94 சதவீதம். இதெல்லாம் தெரிந்தவரிடம் "இந்தியாவில் கோடிக்கணக்கான குழந்தைகள்" என்று முதல் பாராவை ஆரம்பிக்கிறோம். அவர் கேட்பது எருத்தேம்பதியைப் பற்றி, நாம் பதில் சொல்வது இந்தியாவைப் பற்றி.

மாநிலச் சராசரியை மறைக்க வேண்டாம். நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். பிறகு மாவட்டம், பிளாக், பஞ்சாயத்து என்று இறங்குங்கள். கேரளத்திலும் தப்பான பக்கம் போன எண் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2015-16) 19.7 சதவீதம், ஐந்தாவதில் (2019-21) 23.4. நாட்டுச் சராசரி 35.5 என்பதால் கேரளம் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் நாட்டின் எண் இறங்கியது, கேரளத்தின் எண் ஏறியது. ஊட்டச்சத்துத் திட்டம் எழுதுகிறவர்கள் இந்த ஒப்பீட்டை விட்டுவிட்டு, இணையத்தில் கிடைக்கும் ஆறேழு வருடப் பழைய உலகப் புள்ளிவிவரத்தை எடுத்து ஒட்டுவது எனக்குப் புரிவதே இல்லை.

அட்டப்பாடி விஷயம் ஒன்று. 2013ல் அங்கே நடந்த சிசு மரணங்கள் நாடறிந்த செய்தியாயின. அதிலிருந்து பாலக்காடு மாவட்டத்து ப்ரபோசல்கள் பலவற்றில், வேலை எங்கே நடந்தாலும், அட்டப்பாடி வந்து உட்கார்ந்துவிடுகிறது. அகளி, புதூர், சோலையூர் பஞ்சாயத்துகளில் உங்களுக்கு வேலை இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். அட்டப்பாடிக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு கணவாயே இருப்பது மேப்பைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

அதைவிடக் கனமானது உங்கள் சொந்தக் கணக்கு. எந்த வார்டு, எத்தனை வீடு, எந்த மாதம் போனீர்கள், யார் எழுதினார்கள் என்ற நாலு விவரத்தோடு ஒரு சின்ன அட்டவணை போதும். அங்கன்வாடி டீச்சரிடமும் எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளித் தலைமையாசிரியரிடமும் அதை ஒத்துப் பார்த்ததாக ஒரு வரி சேருங்கள். நிஜமாகவே ஒத்துப் பார்த்தால் மட்டும்.

அடுத்து, அரசு செய்வதை மறுக்காதீர்கள். கேரளத்தில் அங்கன்வாடி ஓடுகிறது, பஞ்சாயத்துக்குத் திட்டப் பணம் வருகிறது, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பு இருக்கிறது. "எந்த உதவியும் எட்டவில்லை" என்று எழுதினால் ஒரு போன் காலில் குட்டு உடையும். எட்டிய பிறகும் நழுவி விழுகிறவர்கள் யார் என்று சொல்லுங்கள். மாங்காய் சீசனில் குடும்பத்தோடு முதலமடைத் தோப்புக்குப் போய்விடும் பிள்ளை. தமிழ் மீடியத்தில் கீழ் வகுப்பு முடித்து, அடுத்த பள்ளி மலையாளமா, எல்லை தாண்டியா என்று நிற்கிற பிள்ளை. ரேஷன் கார்டு மீனாட்சிபுரத்திலும் படுக்கை ஆனைமலைப் பாட்டி வீட்டிலுமாக இருக்கிற பிள்ளை. பட்டியல் பழங்குடிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. எரவாளர், மலசர் குடும்பம் ஒன்று எல்லை தாண்டிக் குடியேறினால், பழைய சான்றிதழை வைத்துப் புது மாநிலத்தில் சலுகை வாங்க முடியாது. இந்த மாதிரிச் சிக்கல் எந்தச் சராசரியிலும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் டோனருக்குத் தெரியும்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்துக்கு எழுதும்போது இன்னொரு தடை வரும்: "முன்னேற விழையும் மாவட்டமா?" பின்தங்கியவை என்று தனிக் கவனம் தர 2018ல் நிதி ஆயோக் அறிவித்த அந்த மாவட்டப் பட்டியலில் கேரளத்திலிருந்து வயநாடு மட்டும், தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும். பாலக்காடும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதில் லாபமில்லை. கம்பெனிகள் சட்டம் 2013ன் 135ஆம் பிரிவு, கம்பெனி இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் ஆலை வைத்திருக்கிறவர்களுக்கு நம் ஊர் சுற்றுவட்டாரம்தான். அங்கே எழுதுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரும்பினால், காகிதத்தைப் பாருங்கள். 12ஏபி, 80ஜி (இரண்டும் வருமான வரிப் பதிவுகள்), சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (கம்பெனிப் பணம் வாங்க), கடைசி மூன்று வருட ஆடிட் கணக்கு, வெளிநாட்டுப் பணமென்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு காலாவதியாகாமல் இருப்பது. எல்லையோரத்தில் தனியாக ஒரு பொறி இருக்கிறது: பொள்ளாச்சி விலாசத்தில் பதிந்த டிரஸ்ட், செயல்படும் எல்லை "தமிழ்நாடு மாநிலம்" என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கும். வேலையோ கேரளத்துப் பஞ்சாயத்தில். கவனமான டோனர் இதைப் பிடித்துவிடுவார். திருத்தம் செய்யலாம், ஆனால் வக்கீலையும் ஆடிட்டரையும் கேட்காமல் செய்யாதீர்கள். வருமான வரிப் பதிவையும் அது தொடும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. எஃப்சிஆர்ஏ உள்ள தமிழ்நாட்டு அமைப்பு பணம் வாங்கி, பாலக்காட்டுப் பக்கத்துச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாடு 2020 செப்டம்பர் சட்டத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. பட்ஜெட்டில் "பங்காளி அமைப்புக்கு" என்று ஒரு வரி இன்னும் இருந்தால், பழைய ப்ரபோசலை நகலெடுத்திருக்கிறீர்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

அறிகுறி: பிள்ளைகள் எண்ணிக்கை மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது

டோனர் திருப்பி அனுப்புவதில் இதுதான் அதிகம். எழுத்து ரிப்போர்ட்டில் 145, அட்டவணையில் 118, கேஸ் ஸ்டடியில் "எங்கள் 70 பிள்ளைகள்". யாரும் பொய் சொல்லவில்லை. மாலை வகுப்பில் 62 பேர், சத்துணவில் 48, விளையாட்டில் 35, கூட்டினால் 145. ஆனால் ஒரே பிள்ளை மூன்றிலும் இருக்கிறாள். தலைகளை எண்ணினால் 71தான் வரும்.

முதலில் பார்க்க வேண்டியது ப்ரபோசல். "300 குழந்தைகள் பயன்பெறுவர்" என்று எழுதியிருக்கும். பயன்பெறுவது என்றால் என்ன என்று எங்குமே இருக்காது. ஒரு நாள் மருத்துவ முகாமுக்கு வந்து வைட்டமின் மாத்திரை வாங்கிப் போனவனும், வருடம் முழுக்க வகுப்புக்கு வந்தவளும் அந்த 300க்குள் வந்துவிடுகிறார்கள். ப்ரபோசலிலேயே ஒரு வரி போட்டுவிட்டால் பாதித் தலைவலி போகும்: "தொடர் பயனாளி என்பவர் ஒரு பருவத்தில் வகுப்பு நடந்த நாட்களில் பாதிக்கு மேல் வந்த பிள்ளை, முகாம், விழாவுக்கு வந்தவர்கள் தனிக் கணக்கு." பாதி என்பது உங்கள் இஷ்டம். முக்கால் என்றும் வைக்கலாம். ஏதாவது ஒன்று வேண்டும்.

பிறகு ஒரு பிள்ளைக்கு ஒரு எண். சென்டரின் முதலெழுத்து, சேர்ந்த வருடம், வரிசை எண் என்று "கொ-25-017" மாதிரி எளிமையாக இருந்தால் போதும். பெயரை வைத்து எண்ணாதீர்கள். நம் ஊரில் பெயர் நிலையாக நிற்காது. மலையாள ரெஜிஸ்டரிலிருந்து இங்கிலீஷுக்குப் போன முருகேசன் ஒரு எழுத்துக்கூட்டில் இருப்பான், தமிழ் ரெஜிஸ்டரிலிருந்து போனவன் இன்னொன்றில் இருப்பான். தமிழ்நாட்டில் பெயருக்கு முன்னால் நின்ற இனிஷியல் கேரளத்தில் பின்னால் போய்விடும். எக்ஸெலுக்கு அவர்கள் இரண்டு பேர். நடவடிக்கை எத்தனை இருந்தாலும் ரெஜிஸ்டரில் அந்த எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் ஒரே ஷீட்டில் சேர்த்து, இரண்டு முறை வரும் எண்களை நீக்கினால் தலைக்கணக்கு வந்துவிடும்.

தேதியும் முக்கியம். "சேர்ந்தவர்கள் 71" என்பது ஜூன் 30 கணக்கா, மார்ச் 31 கணக்கா? தேதி இல்லாத எண்ணை ரிப்போர்ட்டில் விடாதீர்கள்.

ஏற்கெனவே தப்பான எண்ணை அரையாண்டு ரிப்போர்ட்டில் அனுப்பியாகிவிட்டது என்றால், ஆண்டு ரிப்போர்ட்டில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அரையாண்டில் 145 என்றது நடவடிக்கைவாரி வருகையின் கூட்டல், தனிப்பட்ட பிள்ளைகள் 71, இனி எல்லா ரிப்போர்ட்டிலும் இரண்டாவது எண்ணையே தருவோம் என்று மூன்று வரியில் எழுதுங்கள். இதற்காகப் பணத்தை நிறுத்தும் டோனர் அரிது. மாற்றியதைத் தானாகக் கண்டுபிடித்த டோனர் மற்ற எல்லா எண்ணையும் சந்தேகப்படுவார்.

அறிகுறி: இடைநிற்றல் கூடியதாக ரிப்போர்ட் காட்டுகிறது, ஃபீல்டில் அப்படித் தெரியவில்லை

ஆபீஸுக்கும் ஃபீல்டுக்கும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அந்த அஞ்சு பேரும் நின்னுட்டாங்களாக்கா?"

"எங்கீங் சார் நின்னாங்க? மூணு பேரு பொள்ளாச்சி ஆஸ்டல்ல சேந்துட்டாங்க. ஒரு புள்ள ஒடையகொளம் அம்மாச்சி ஊட்டுக்குப் போயிருச்சு, அங்க பள்ளிக்கொடம் போவுது. ஒருத்தன்தான் நெசமா நின்னவன். செங்கச் சூளைக்குப் போறான்."

கேரளப் பள்ளிகள் மாணவர் விவரத்தை வைத்திருப்பது சம்பூர்ணாவில், தமிழ்நாட்டில் எமிஸில். கொழிஞ்சாம்பாறையில் டி.சி. வாங்கிய பிள்ளை நம் ரெஜிஸ்டரில் மறைந்துபோகிறது. பொள்ளாச்சியில் அது புதுப் பிள்ளை. நம் எக்ஸெலில் "இல்லை" என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் ஐந்து பேரும் இடைநின்றவர்கள் ஆகிவிடுவார்கள்.

கட்டத்தை மூன்றாக உடையுங்கள்: மாறியவர், நின்றவர், தெரியாதவர். மாறியவர் என்று போட ஆதாரம் வேண்டும்: டி.சி. நகல், அல்லது புதுப் பள்ளி ஆசிரியரிடம் பேசிய தேதி. யூடைஸ் பிளஸ் (மத்திய அரசின் பள்ளித் தகவல் தளம்) தரும் நிரந்தரக் கல்வி எண் இரண்டு மாநிலத்துக்கும் பொது என்பதால், பள்ளி மனது வைத்தால் தேடலாம். "தெரியாதவர்" கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று ஃபீல்டு ஆளை நெருக்காதீர்கள். நெருக்கினால் எல்லோரும் "மாறியவர்" ஆகிவிடுவார்கள்.

சூளைக்குப் போகும் அந்தப் பையனுக்குப் பதினான்கு வயது ஆகவில்லையென்றால் ரிப்போர்ட் காத்திருக்கட்டும், முதலில் 1098, குழந்தைகள் உதவி எண். எல்லையோரத்தில் எந்த மாவட்டக் குழந்தைகள் நலக்குழு என்ற குழப்பம் வரும்: பிள்ளை இப்போது எங்கே இருக்கிறதோ அந்த மாவட்டத்தில் தொடங்குங்கள்.

அறிகுறி: "நடவடிக்கைகள் தெரிகின்றன, மாற்றம் தெரியவில்லை" என்ற குறிப்பு

பை கொடுத்தோம், வகுப்பு நடத்தினோம், பெற்றோர் கூட்டம் போட்டோம். எல்லாம் போட்டோவோடு இருக்கிறது. டோனர் கேட்பது அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை.

ப்ரபோசலோடு சேர்த்த லாக் ஃப்ரேமை (நோக்கம், விளைவு, நடவடிக்கை, அளவுகோல் எழுதும் அட்டவணையை) திறந்து பாருங்கள். 1969 வாக்கில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனத்துக்காக உருவான அட்டவணை அது; இன்றும் பாதி டோனர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். விளைவு என்ற கட்டத்தில் "குழந்தைகளின் முழுமையான வளர்ச்சி" என்று இருந்தால் அங்கேதான் கோளாறு. முழுமையான வளர்ச்சியை எந்த ஃபீல்டு ஒர்க்கராலும் சனிக்கிழமை உட்கார்ந்து எண்ண முடியாது. "இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்கும் பிள்ளைகள்" என்றால் எண்ணலாம். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நாலு படியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் அசர் (ஊர்ப்புறப் பிள்ளைகளின் கல்வி பற்றிய கணக்கெடுப்பு) முறையிலான சோதனை நம் வேலைக்கு ரொம்பப் பொருத்தம். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம், ஒரு அட்டை போதும்.

எந்த மொழியில் சோதிப்பது என்பதுதான் இங்கே நிஜமான சிக்கல். வீட்டில் தமிழ் பேசி மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஜூனில் தமிழ் அட்டையில் சோதித்துவிட்டு, டீச்சர் மாறியதால் பிப்ரவரியில் மலையாள அட்டையில் சோதித்தால், பிள்ளை பின்னேறியதாகக் கணக்கு வரும். பள்ளி மொழி எதுவோ அதில் சோதியுங்கள், இரண்டு தடவையும் அதே மொழியில். நேரம் இருந்தால் வீட்டு மொழியிலும் ஒரு தடவை பாருங்கள். தமிழில் கதை வாசிக்கும் பிள்ளை மலையாளத்தில் எழுத்தில் நிற்பது தெரிந்தால், உங்கள் மாலை வகுப்பு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதே மாறிவிடும். வீட்டில் இருளமோ எரவாளர் பேச்சோ பேசும் பிள்ளைக்கு, எழுதிய அட்டைக்கு முன்னால் வாய்ப்பேச்சில் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்.

ஜூனில் பேஸ்லைன் (தொடக்க நிலைக் கணக்கு) எடுக்கத் தவறியிருந்தால் மார்ச்சில் ஞாபகத்திலிருந்து உருவாக்காதீர்கள். அடுத்த ஜூனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் நிலையைத் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறோம் என்று டோனருக்கு எழுதிவிடலாம். ஒரு வருட எண் போகும், அவ்வளவுதான்.

அறிகுறி: வருடக் கடைசியில் பணம் மிச்சம்

செலவு செய்யாமல் மிச்சம் வைத்ததைச் சிக்கனம் என்று நினைத்துச் சந்தோஷப்படும் தலைவர்கள் உண்டு. டோனர் அதை வேலை நடக்காததன் அடையாளமாகப் பார்ப்பார்.

காரணம் பெரும்பாலும் நாட்காட்டியில் இருக்கும். டோனருக்கு ஜனவரி முதல் டிசம்பர். நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். பள்ளிக்கு ஜூன் முதல் மார்ச். ப்ரபோசலில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அளவாகச் சம்பளமும் வகுப்புச் செலவும் போட்டிருப்போம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் சென்டர் பூட்டியிருக்கும். முதல் தவணை ஆகஸ்டில் வந்தால் ஓணம் விடுமுறையைத் தாண்டித்தான் ஆள் எடுப்போம். பட்ஜெட்டை மாதவாரியாக, பள்ளி நடக்கும் மாதங்களுக்கு ஏற்பப் போட்டிருந்தால் இந்த மிச்சம் முதலிலேயே தெரிந்திருக்கும்.

மிச்சம் வந்தபின் செய்ய வேண்டியது: திட்டம் முடிய இரண்டு மாதமாவது இருக்கும்போதே, கூடுதல் பணம் இல்லாமல் காலம் மட்டும் நீட்டிக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கும் வழி இருக்காது. சிஎஸ்ஆர் பணத்தில் இன்னும் அவசரம். தொடர் திட்டம் என்று கம்பெனி போர்டு வகைப்படுத்தியிருந்தால் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். தொடர் திட்டம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் சட்டம் சொல்லும் அரசு நிதிக்குப் போய்விடும். அதனால்தான் பிப்ரவரியில் கம்பெனிக்காரர் தினமும் போன் செய்கிறார். மார்ச் 28ஆம் தேதி அவசரமாக நூறு சைக்கிள் வாங்குவது தீர்வு இல்லை. ஆடிட்டில் அந்த பில்தான் முதலில் கண்ணில் படும்.

அறிகுறி: யூசியும் (பணம் பயன்படுத்திய சான்றிதழ்) நிதி ரிப்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை

மூன்று இடம் பாருங்கள். ஒன்று, வங்கி வட்டி. வரவு 12,00,000, செலவு 11,40,000, மீதி 60,000 என்று எழுதியிருப்பீர்கள். வட்டி 18,400ஐச் சேர்த்தால் மீதி 78,400. வெளிநாட்டுப் பணத்துக்கு வந்த வட்டியும் சட்டப்படி வெளிநாட்டுப் பணம்தான், உள்ளூர்க் கணக்குக்குத் தள்ள முடியாது. இரண்டு, செலாவணி. 25,000 யூரோ என்று ஒப்பந்தம். யூரோ 90 ரூபாய் என்று பட்ஜெட் போட்டால் 22,50,000. வந்த அன்று 87 என்றால் 21,75,000. எழுபத்தையாயிரம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எந்த விகிதத்தில் ரிப்போர்ட் செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வங்கியின் வரவுச் சீட்டில் உள்ள விகிதம்தான் நமக்குப் பாதுகாப்பு. மூன்று, ஆடிட்டர் தரும் சான்றிதழில் யூடின் எண் (ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சான்றிதழைப் பல டோனர்கள் இப்போது வாங்குவதே இல்லை.

அறிகுறி: நிர்வாகச் செலவு கூடுதல் என்று கொடி காட்டுகிறார்கள்

2020 திருத்தத்துக்கு முன் வெளிநாட்டுப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குப் போகலாம். இப்போது அந்த நிதியாண்டில் வந்த பணத்தில் 20 சதவீதம். இருபது லட்சம் வந்தால் நாலு லட்சம். மார்ச்சில் வந்த பணத்தை நம்பி அடுத்த வருட ஆபீஸ் வாடகையைப் போடுகிறவர்கள் இந்த "அந்த நிதியாண்டில்" என்ற சொல்லில் இடறுவார்கள்.

பலர் வகைப்படுத்துவதிலேயே தப்பு. பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சரின் சம்பளம், பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரின் சம்பளம் போன்றவை நிர்வாகச் செலவில் சேராது. நோக்கத்துக்கான நேரடிச் செலவு. ஆபீஸ் வாடகை, கணக்கு வைப்பது, வண்டி ஓட்டும் செலவு, அதன் பராமரிப்பு, சட்ட ஆலோசனைக் கட்டணம் சேரும். ரிப்போர்ட் எழுதித் தாக்கல் செய்யும் செலவும் நிர்வாகச் செலவு என்று விதியிலேயே இருக்கிறது. ஒரு டஜன் கேள்விக்குப் பதில் எழுத ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் எந்தப் பக்கம் போகும் என்று இப்போது புரிந்திருக்கும்.

அறிகுறி: பில்கள் தள்ளுபடியாகின்றன

சுருக்கமாக: ஒரே கடை, ஒரே நாள், 9,800 ரூபாயில் மூன்று ரொக்க பில் என்று இருந்தால் எந்த ஆடிட்டரும் நிறுத்திக் கேட்பார். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் டிரஸ்டின் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது, அதனால் உடைத்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். வங்கி வழியாகக் கொடுங்கள். பொள்ளாச்சியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு வாங்கி கோபாலபுரம் வழியாகக் கொண்டு போனால் இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான ஜிஎஸ்டி சீட்டு) போடச் சொல்லி, அதன் நகலை வவுச்சரோடு வையுங்கள். மலையாளத்தில் உள்ள பில்லுக்குப் பின்னால் பென்சிலில் என்ன பொருள், எந்த சென்டர், எந்த பட்ஜெட் வரி என்று எழுதும் பழக்கம் ஃபீல்டு ஆட்களுக்கு வந்தாலே போதும். ஒரே பில்லின் நகல் இரண்டு டோனர் கோப்பில் இருக்கக்கூடாது. அசல் பில்லின் மேல் எந்தத் திட்டம் என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிடுங்கள்.

அறிகுறி: கேஸ் ஸ்டடியையும் போட்டோவையும் திருப்பி அனுப்புகிறார்கள்

சில டோனர் அழுகிற முகத்தைக் கேட்பார், சில டோனர் முகமே கூடாது என்பார். டோனர் என்ன கேட்டாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015ன் 74ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை, பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியான குழந்தை, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை ஆகியோரின் பெயர், விலாசம், பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று அடைப்புக்குறியில் போட்டுவிட்டுக் கீழே ஊர், சமூகம், அப்பாவின் தொழில், எந்தக் கால் ஊனம் என்று எல்லாம் எழுதுவதைப் பார்க்கிறேன். முப்பது வீடு உள்ள காலனியில் அது யார் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். ஊரை "சித்தூர் தாலுகாவில் ஒரு கிராமம்" ஆக்குங்கள். சமூகப் பெயர் கதைக்குத் தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள். வயதை ஒரு வருடம் கூட்டாதீர்கள், "பத்து வயதுக்கு மேல்" என்று சொன்னால் போதும். போட்டோவில் முகத்தை மங்கலாக்கிவிட்டு, சட்டைப்பையில் பள்ளி முத்திரை தெரியும்படி விடுகிறவர்களும் உண்டு.

அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் அவர்கள் படிக்கிற மொழியில் இருக்கட்டும், தமிழா மலையாளமா என்று கேட்டுக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியதாக ஒரு வரி, வாசித்தவரின் கையெழுத்து. "ஒத்துக்கலீன்னா புள்ளைக்குச் சாப்பாடு நின்னுடுமா?" என்று ஒரு அம்மா கேட்டால், அந்த ஒப்புதல் செல்லாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை இல்லாமல் ரிப்போர்ட் வறண்டுபோகுமே என்றால், சென்டரின் கதையைச் சொல்லலாம். மாங்காய் சீசனில் வகுப்பைத் தோப்புக்கே மாற்றியது, பெற்றோர் கூட்டத்தில் மொழி பற்றி வந்த சண்டை, சைக்கிள் கிடைத்தும் பெண் பிள்ளைகள் ஏன் ஓட்டவில்லை என்று தெரிந்துகொண்டது. இவற்றில் யார் முகமும் தேவைப்படாது. படிக்கிறவருக்கு நம் வேலை இன்னும் நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

அறிகுறி: ரிப்போர்ட் போய்விட்டது, பதிலே இல்லை

மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த தவணைக்குச் செலவு செய்யத் தொடங்காதீர்கள். முதலில் மெயில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். நாற்பது போட்டோ இணைத்த மெயில் பல சர்வர்களில் சத்தமில்லாமல் தடுக்கப்படும். ப்ரோகிராம் ஆபீசர் மாறியிருக்கலாம். மூன்று வாரம் கழித்து ஒரு சின்ன மெயில்: ரிப்போர்ட் அனுப்பிய தேதி, ஒப்பந்தப்படி அடுத்த தவணை வர வேண்டிய தேதி, அது தள்ளிப்போனால் எந்த மாதத்தில் எந்த சென்டரின் சம்பளம் நிற்கும் என்ற விவரம். அதன் நகல் அவர்களுடைய ஃபைனான்ஸ் ஆளுக்கும் போகட்டும். பதில் வரும் வரை டீச்சர்களிடம் "பணம் வந்துரும்" என்று சொல்லாதீர்கள். எதுவரை கையில் இருக்கிறது என்ற மாதத்தைச் சொல்லுங்கள்.